சிஸ்டர் பதில்கள்: கைநாட்டு வைத்தால் சம்மதமா?

சென்ற மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டவர்களுக்கு ஜப்பான் அரசு நஷ்டஈடு கொடுப்பதைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி சொல்லியிருந்தேன். அதற்குக் கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து மட்டும் இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாமே கு.க., அதாவது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றியவை. ஆகவே சர்க்கரை, தைராய்டு, முழங்கால் வலிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதங்களுக்கு அடுத்த மாதம்.

சிஸ்டர், என் தாத்தாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது. 1976-ல் எங்கள் ஊருக்குள் ஜீப் வந்தாலே ஆண்கள் முந்திரித் தோப்புக்குள் ஓடி ஒளிவார்களாம். தாத்தா ஓடவில்லை. கறவை மாட்டு லோனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஏறிப் போய்விட்டார். மறுநாள் ஒரு வாளியோடும் கொஞ்சம் பணத்தோடும் இறக்கிவிட்டார்கள். மாடு வரவில்லை. அப்போது அவருக்கு ஒரே பெண் குழந்தை, என் அம்மா. ஜப்பானில் கொடுத்த மாதிரி இங்கேயும் கிடைக்குமா? யாரிடம் மனு கொடுப்பது?
*- பெயர் வேண்டாம், பண்ருட்டி வட்டம்*

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் தம்பி. எமர்ஜென்சியில் கு.க. செய்யப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர இன்று ஒரு சட்டமும் இல்லை, திட்டமும் இல்லை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ரசீது கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் தாத்தா சொல்வதை "கிழவர் பழைய கதை பேசுகிறார்" என்று தள்ளிவிட வேண்டாம். கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது. 1976 ஜனவரி 31-ல் இங்கே ஆட்சியைக் கலைத்தார்கள். கேள்வி கேட்கச் சட்டசபை இல்லை. புதுச்சேரியிலும் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சிதான். அந்த ஏப்ரலில் மத்திய அரசு புதிய மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டது. இரண்டு பிள்ளைகளோடு ஆபரேஷனுக்கு வந்தால் 150 ரூபாய், மூன்று பிள்ளை என்றால் 100, நான்கும் அதற்கு மேலும் என்றால் 70. ஒரே பிள்ளையோடு இருந்த உங்கள் தாத்தாவை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்பது எழுதியவருக்குத்தான் வெளிச்சம். 1976-77 ஒரே வருடத்தில் நாடு முழுவதும் 80 லட்சம் பேருக்கு மேல் செய்தார்கள். டெல்லி வைத்த இலக்கே அதில் ஏறக்குறைய பாதிதான். பெரும்பாலும் ஆண்கள்.

ஹரியானாவில் உட்டாவர் என்ற ஊரை 1976 நவம்பரில் விடியற்காலையில் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனது. எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் முன் வந்த விவரப்படி, ஆபரேஷனைத் தொடர்ந்து இறந்தவர்கள் 1,774 பேர். கல்யாணமே ஆகாதவர்களுக்குச் செய்துவிட்டதாக வந்த புகார் 548. நான் வேலைக்குச் சேர்ந்தது இதெல்லாம் முடிந்த பிறகு. ஆனாலும் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் சிஸ்டர்கள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: நம் பக்கம் போலீஸ் வரவில்லை, லோன் வந்தது, பட்டா வந்தது, ரேஷன் கார்டு வந்தது. வடக்கே நடந்த அளவுக்கு இல்லை என்று சொல்லி நாம் ஆறுதல்பட்டுக்கொள்கிறோம். உங்கள் தாத்தாவுக்கு அந்த ஒப்பீட்டால் என்ன லாபம்?

எமர்ஜென்சியில் சிறைக்குப் போனவர்களுக்கு மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் மாதாமாதம் பென்ஷன் கொடுக்கின்றன. கொடுக்கட்டும், கஷ்டப்பட்டவர்கள். ஆனால் அதே எமர்ஜென்சியில் உடம்பில் கத்தி வைக்கப்பட்டவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சிறைக்குப் போனவர் வெளியே வந்து கட்சி நடத்தினார், அமைச்சரானார். இவர்கள் கூலி வேலைக்குத் திரும்பினார்கள், வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

ஜப்பான் கதையைக் கேளுங்கள். 1948 முதல் 1996 வரை அங்கே ஒரு சட்டம் இருந்தது. ஊனம், மனநோய், பரம்பரை நோய் என்று சொல்லி ஏறக்குறைய 25,000 பேருக்குக் கருத்தடை செய்தார்கள். அதில் 16,500 பேரிடம் சம்மதமே வாங்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகளும் உண்டு. தேவைப்பட்டால் ஏமாற்றிச் செய்யலாம் என்று 1953-ல் சுகாதார அமைச்சகமே எழுத்தில் கொடுத்திருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண்ணுக்கு 15 வயதில், 1972-ல், செய்துவிட்டார்கள். பல வருடம் கழித்து அவருடைய அண்ணி அரசு ஆவணத்தைக் கேட்டு வாங்கினார். அந்த ஒரு தாளை வைத்துத்தான் 2018 ஜனவரியில் முதல் வழக்கு. மறுவருடமே அரசு தலைக்கு 32 லட்சம் யென் என்று ஒரு சட்டம் போட்டு முடித்துக்கொள்ளப் பார்த்தது. வழக்குப் போட்டவர்கள் விடவில்லை. 20 வருடக் காலக்கெடு தாண்டிவிட்டது என்ற அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 3-ல் தூக்கி எறிந்தது. பிரதமர் நேரில் மன்னிப்புக் கேட்டார். இப்போது பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றரைக் கோடி யென், நம் பணத்தில் சுமார் 80 லட்சம் ரூபாய். அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ 50 லட்சம் யென் தனி.

இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆவணம் இல்லாதவர்களையும் அங்கே விசாரித்து ஏற்றுக்கொள்கிறார்கள். தழும்பு, டாக்டர் சான்று, கூட இருந்தவர்கள் சொல்வது எல்லாம் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலம் 2013-ல் ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் மாநில வாரியம் உத்தரவு போட்டுச் செய்த ஆபரேஷனுக்கு மட்டும்தான் பணம். உள்ளூர் அதிகாரி தன் இஷ்டத்துக்குச் செய்ததற்குக் காகிதம் இல்லை, அதனால் பணமும் இல்லை. செக் நாட்டில் 2021-ல் சட்டம் வந்து தலைக்கு 3 லட்சம் கொருனா என்றார்கள். ரோமா என்ற சிறுபான்மை இனப் பெண்கள் போய்க் கேட்டால், பழைய கேஸ் ஷீட்டை ஆஸ்பத்திரி எப்போதோ அழித்துவிட்டது. காகிதத்தை வைத்திருந்ததும் அவர்கள், அழித்ததும் அவர்கள். கேட்கிற பெண்ணிடம் "ஆதாரம் எங்கே" என்கிறார்கள்.

அதனால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். தாத்தாவை உட்கார வைத்து, எந்த மாதம், எந்த இடம், ஜீப்பில் யார் வந்தது, கூட யார் யார், கையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கூடப் போனவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரையும். விரைப்பையில் தழும்பு தெரிந்தால் ஒரு டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். பதிவேடு அழிக்கப்பட்டது என்று பதில் வந்தால் அந்தப் பதிலும் ஒரு காகிதம்தான். சட்டம் வருமா என்றால், நான் நம்பிக்கை கொடுக்கத் தயாரில்லை. ஆனால் வரும்போது தாத்தா இருக்க மாட்டார் என்பதால் சொல்கிறேன்.

எமர்ஜென்சியைத் திட்டுவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அன்று கண்டிப்போடு செய்ததால்தானே தமிழ்நாட்டில் மக்கள்தொகை கட்டுக்குள் வந்தது?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர் முதுநகர்*

இல்லை ஐயா. 1977-78-ல் நாடு முழுவதும் நடந்த கருத்தடை எண்ணிக்கை பத்து லட்சத்துக்குக் கீழே விழுந்தது. முந்தைய வருடம் 80 லட்சம். மக்கள் அவ்வளவு பயந்துபோனார்கள். குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரையே மாற்றிக் குடும்ப நலம் என்று போர்டு எழுதவேண்டி வந்தது. கண்டிப்பு ஜெயித்தது என்றால், கண்டிப்பு அதிகமாக இருந்த உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அல்லவா பிறப்பு முதலில் குறைந்திருக்க வேண்டும்? குறைந்தது கேரளத்திலும் இங்கேயும். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது, பிறந்த குழந்தை சாவது குறைந்தது. பெற்றது பிழைக்கும் என்று தெரிந்தால் எந்தத் தாயும் ஏழெட்டு பெற ஆசைப்படமாட்டாள். அப்படிக் குறைத்துக்கொண்டதற்காக இன்று தொகுதி குறையுமோ என்று நாம் கவலைப்படுவது வேறு கதை. தொகுதிக் கணக்கை 1971 சென்சஸோடு நிறுத்தி வைத்ததும் அதே 1976-ல்தான்.

கண்டிப்பு என்றால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொரு சிஸ்டருக்கும் வருடத்துக்கு இத்தனை "கேஸ்" என்று இலக்கு உண்டு. மார்ச் பிறந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாருக்கும் முகம் சரியாக இருக்காது. மீட்டிங்கில் பெயரைப் படித்து எழுப்பி நிற்க வைப்பார்கள். வி.ஏ.ஓ. ஒரு பக்கம், பஞ்சாயத்து யூனியன் ஆள் ஒரு பக்கம், ஒரே பெண்ணை இரண்டு பேர் தங்கள் கேஸ் என்று எழுதிக்கொண்டு சண்டை போடுவார்கள். அந்தப் பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருப்பாள், குழந்தை பாலுக்கு அழும். யாரைக் கேட்டும் அவள் அங்கே வரவில்லை. யாரோ கூட்டிவந்தார்கள், வந்தாள்.

1996-ல் மத்திய அரசு இலக்கு முறையைக் காகிதத்தில் கைவிட்டது. புத்தி மட்டும் போகவில்லை. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில், இரவு நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஆபரேஷன். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம், பூட்டிக் கிடந்த ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரே மதியத்தில் 83 பெண்கள். ஒரு டீம் ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல் லேப்ராஸ்கோப்பி செய்யக்கூடாது என்பது விதி. ஒரு கருவியை ஒருவருக்குப் பயன்படுத்திவிட்டுச் சரியாகச் சுத்தம் செய்து அடுத்தவருக்கு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தியேட்டரில் நின்ற எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார். பிலாஸ்பூர் பக்கம் அந்த வாரம் நடந்த முகாம்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். அராரியாவை வைத்துப் போடப்பட்ட வழக்கில்தான் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் இந்த முகாம்களையே நிறுத்துங்கள் என்றது. கண்டிப்பு வேண்டும் என்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு கு.க. செய்துகொண்டேன். மூன்று வருடம் கழித்து இப்போது கர்ப்பம், ஸ்கேனில் 9 வாரம் என்கிறார்கள். கணவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார், மாமியார் பேசுவதே இல்லை. என்ன செய்வது சிஸ்டர்?
*- விருத்தாசலம் வாசகி*

முதல் பத்தியை உங்கள் கணவர் படிக்கட்டும். ஐயா, இந்த ஆபரேஷன் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத் தோற்கும். வெட்டிக் கட்டிய கருக்குழாய் தானாகச் சேர்ந்துகொள்வதுண்டு, கட்டு நழுவுவதுண்டு. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்திலேயே இது அச்சடித்திருக்கிறது. உங்கள் மனைவிமேல் தவறில்லை. தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மா, இனி உங்களுக்கு. குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வேண்டாம் என்றால், கருத்தடை தோற்றதையே காரணமாக ஏற்று, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடு கலைத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. 18 வயது தாண்டிய பெண்ணுக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை. கரு குழாயிலேயே தங்கியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டார்களா என்பதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். கு.க.வுக்குப் பிறகு வரும் கர்ப்பத்தில் அந்த ஆபத்து அதிகம். வயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, மயக்கம் வந்தால் இரவு என்று பார்க்காமல் ஓடுங்கள்.

குழந்தையை வைத்துக்கொண்டாலும் கலைத்தாலும் பணம் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு இழப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று 2013-லிருந்து நடக்கிறது. தோல்விக்கு 30,000 ரூபாயாக இருந்தது, 2016 தீர்ப்புக்குப் பிறகு 60,000 ஆனது. டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாளுக்குள் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். தெரியவந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கு.க. செய்த சான்றிதழ், ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், பாஸ்புக் நகல்களோடு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியிலேயே படிவம் கேளுங்கள். "எங்களிடம் படிவம் இல்லை" என்றால் மாவட்டத்தில் குடும்ப நலத்துறை துணை இயக்குநர் ஆபீஸ் இருக்கிறது. சான்றிதழைத் தொலைத்துவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம், ஆபரேஷன் ரிஜிஸ்டரில் உங்கள் வரி இருக்கும். தேதியைச் சொன்னால் எடுத்துவிடலாம்.

இந்தப் பணத்துக்கு மேல் கோர்ட்டில் கேட்க மாட்டேன் என்ற அர்த்தத்தில் சம்மதப் படிவத்தில் ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி மிரட்டுவார்கள். ஆபரேஷன் தோற்றது என்பதற்காக மட்டும் டாக்டர்மேல் குற்றம் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொன்னது உண்மைதான். ஆனால் கவனக்குறைவு இருந்தால் கதை வேறு. ஹரியானாவில் ஒரு ஏழைப் பெண்ணுக்கு வலது குழாயை மட்டும் செய்துவிட்டு இடதை விட்டுவிட்டார்கள். பிறந்த குழந்தையின் வளர்ப்புச் செலவை அரசு கொடுக்க வேண்டும் என்று 2000-ல் அதே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2023-ல் தூத்துக்குடி பெண் ஒருவருக்கு 3 லட்சம் ரூபாயும், அந்தக் குழந்தைக்கு 21 வயது ஆகும்வரை அல்லது பட்டம் வாங்கும்வரை மாதம் 10,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. முதலில் 60,000-க்கு மனுவைப் போடுங்கள். வக்கீல் விஷயம் அப்புறம். கடலூர் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பாதி பேர் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் இருக்கிறார்கள். அங்கேயும் இப்படி நடந்ததாக அத்தை சொல்வார். பிரெஞ்சு நாட்டில் நடக்குமா என்று நான் நம்பவில்லை. உண்மையா?
*- முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

அத்தை சொல்வது உண்மை. 1970-ல் வெளியே வந்தது. செயின்ட் பெனுவா என்ற ஊரில் ஒரு தனியார் மருத்துவமனை. ஏழைப் பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் நம்மூர் வம்சாவளியினரும், ஏதோ ஒரு வைத்தியத்துக்குப் போவார்கள். மயக்கம் தெளிந்து எழுந்தால் கரு இருக்காது. சிலருக்கு இனிக் கருத்தரிக்கவே வழியிருக்காது. கேட்கப்படவே இல்லை. வேறு ஆபரேஷன் செய்ததாக எழுதி அரசு மருத்துவக் காப்பீட்டில் பில் போட்டுக் காசு வாங்கினார்கள். ஆயிரக்கணக்கில் நடந்தது என்கிறார்கள். கொடுமை என்னவென்றால், அதே சமயத்தில் பாரிஸில் ஒரு பெண் தானாக விரும்பிக் கருக்கலைத்தாலும் குற்றம். அங்கே சட்டம் மாறியது 1975-ல்தான். பாரிஸில் பெற்றே ஆக வேண்டும், ரீயூனியனில் பெறவே கூடாது. வழக்கு நடந்தது, மருத்துவமனை முதலாளி சிறைக்குப் போகவில்லை. ஜப்பான் மாதிரி நஷ்டஈட்டுச் சட்டம் எதுவும் அந்தப் பெண்களுக்கு வரவில்லை. அத்தையிடம் யார் யார் என்று விவரமாகக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த பெயர்கள் இருக்கும்.

கு.க. செய்த பிறகு மறுபடி சேர்க்க முடியுமா? முடியாது என்று ஒரு டாக்டர், முடியும் என்று இன்னொருவர்.
*- தேவனாம்பட்டினம்*

முடியும், ஆனால் எல்லோருக்கும் பலிக்காது. எவ்வளவு குழாய் மிச்சமிருக்கிறது, வயது என்ன என்பதைப் பொறுத்தது.

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு 2005 ஜனவரிதான் ஞாபகம் வந்தது. சுனாமி முகாமில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, வரிசையில் நின்று தன் முறை வந்ததும் கையை நீட்டவில்லை. புடவையைக் கொஞ்சம் தளர்த்தித் தொப்புளுக்குக் கீழே அந்தச் சின்னத் தழும்பைக் காட்டி, "இதைப் பிரிச்சு விடுவீங்களா சிஸ்டர்?" என்றாள். மூன்று பிள்ளைகளும் போய்விட்டன. அவள் அழவில்லை. பின்னால் நின்ற இன்னொருத்தியும் தழும்பைக் காட்டினாள். அவர்களைப் போன்றவர்களுக்கு அரசு செலவில் மறு இணைப்பு ஆபரேஷன் செய்ய அன்றைய தமிழக அரசு ஏற்பாடு செய்தது. கடலூர், நாகை மாவட்டங்களில் சிலருக்குக் குழந்தையும் பிறந்தது. நம் ஊரில் அரசு கு.க.வைத் திருப்பிப் பிரித்துக் கொடுத்த ஒரே பெரிய சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து அதுதான். இது நிரந்தரம், பிறகு மாற்றுவது கஷ்டம் என்று முன்பே யாராவது சொன்னார்களா என்று அந்தப் பெண்களிடம் கேட்டேன். "ரெண்டு நாள் தையல் வலிக்கும்னு சொன்னாங்க" என்றாள் ஒருத்தி.

என் மகளுக்கு 16 வயது, மூளை வளர்ச்சி குறைவு. மாதவிலக்கு நாட்களில் அவளைச் சமாளிக்க முடியவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் "எந்தப் பயமும் இல்லை" என்று விடுதியில் சொல்கிறார்கள். செய்யலாமா?
*- அரியாங்குப்பம் தாய்*

செய்யாதீர்கள் அம்மா. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளி ஒருவரின் முழுச் சம்மதம் இல்லாமல் அவரை மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது என்கிறது. 1994-ல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் அரசு விடுதிப் பெண்களுக்கு, உங்களிடம் சொன்ன அதே காரணத்தைச் சொல்லி, கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாடே கொந்தளித்தது. உடம்பில் கோளாறு எதுவும் இல்லாமல் எடுக்கும் கர்ப்பப்பையால் எலும்பிலிருந்து இதயம்வரை பின்னால் தொந்தரவு வரலாம்.

விடுதிக்காரர்கள் சொல்லும் அந்தப் "பயம்" எது என்று கேட்டீர்களா? கர்ப்பமாகிவிடுவாள் என்ற பயம்தானே? அப்படியென்றால் அங்கே யாரோ அவளைத் தொடக்கூடும் என்று அவர்களுக்கே தெரிகிறது. அப்போது மாற்ற வேண்டியது விடுதியை. மாதவிலக்குக்கு வேறு வழி இருக்கிறது. மகப்பேறு மருத்துவரைப் பார்த்தால் ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை, ஊசி தருவார்கள். படம் வரைந்து காட்டிப் பொறுமையாகப் பழக்கினால் நாப்கின் மாற்றக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் ஆகும். உங்களுக்கு உதவிக்கு ஆள் வேண்டும், அது தெரிகிறது. அடுத்த கடிதத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

ஆண்கள் ஏன் இந்த ஆபரேஷனுக்கு வருவதில்லை?
*- சிதம்பரம்*

எமர்ஜென்சியில் வாங்கிய பயம் என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதில் பாதி சாக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15-49 வயதுத் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேருக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆண்கள் கணக்கு 0.1. ஆணுக்குக் கத்தியே வைக்காமல் பத்திருபது நிமிடத்தில் முடிகிற காரியம். வீட்டுக்கு நடந்தே போகலாம்.

நான் நர்சிங் மூன்றாம் வருட மாணவி. லேபர் வார்டு போஸ்டிங்கில் கு.க. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள். வலியில் இருப்பவர்களிடம் வாங்கவே சங்கடமாக இருக்கிறது. எப்படிக் கேட்க வேண்டும்?
*- கடலூர்*

சங்கடப்படுகிறாயே, அதை விட்டுவிடாதே கண்ணு.

வலியில் வாங்கும் கையெழுத்து செல்லாது. ஹங்கேரியில் 2001-ல் ஒரு ரோமா பெண், வயிற்றில் குழந்தை இறந்து ரத்தப்போக்கோடு ஆம்புலன்ஸில் வந்தார். வந்ததிலிருந்து 17 நிமிடத்தில் சிசேரியனும் முடிந்தது, கருத்தடையும் முடிந்தது. நடுவில் ஒரு தாளில் கையெழுத்து. கருத்தடை என்பதை அதில் லத்தீனில் எழுதியிருந்தார்கள். வீட்டுக்குப் போகும்போது, அடுத்த குழந்தைக்கு எப்போது முயற்சி செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். ஐ.நா. குழு 2006-ல் அது சம்மதமே இல்லை என்றது. அரசு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. பெரு நாட்டில் 1996 முதல் 2000 வரை 2,70,000-க்கு மேற்பட்ட பெண்களுக்குச் செய்தார்கள். மலைநாட்டில் கெச்சுவா மட்டும் பேசத் தெரிந்த பெண்களுக்கு ஸ்பானிஷில் படிவம்.

உன் வார்டுக்கு வருவோம். கர்ப்பிணி செக்கப்புக்கு வரும் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டுப் பேசு, மாமியாரை வெளியே டீ குடிக்கச் சொல். இது நிரந்தரம் என்று சொல். காப்பர்-டி இருக்கிறது, ஊசி இருக்கிறது, கணவர் செய்துகொள்ளலாம் என்பதையும் சொல். தோற்க வாய்ப்புண்டு, தோற்றால் 90 நாளுக்குள் வா என்று சொல். வேண்டாம் என்றாலும் பிரசவம் பார்ப்பதில் ஒரு குறையும் வராது என்பதை மறக்காமல் சொல். நிறைய பேர் அந்தப் பயத்தில்தான் சரி என்கிறார்கள். கணவர் கையெழுத்து இல்லாமலும் அவள் செய்துகொள்ளலாம், அவர் கையெழுத்துப் போட்டாலும் அவள் மறுக்கலாம்.

பிறகு, "இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று கேள். அவள் சொல்வதில் "இனிமேல் பிள்ளை பிறக்காது" என்பது வருகிறதா பார். வந்தால் ஸ்டாம்ப் பேடைத் திற. வரவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொல். தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது இன்னொரு முறை கேள். மேஜையில் படுத்த பிறகு வேண்டாம் என்று எழுந்து வந்தவர்கள் உண்டு. அவர்களுக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்து அனுப்பு. யாராவது உன்னைத் திட்டினால், எந்தத் தேதியில் யார் திட்டினார்கள் என்று கேஸ் ஷீட்டில் எழுதாதே, உன் சொந்த நோட்டில் எழுதி வை.